பதினொரு விநாடிக் குரல்

தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்த சத்தம் கேட்டு ஷம்லா குசினிக்குள் ஓடினாள். மாமி ரபியா கதிரையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார்.

வலது கை மடியில் செத்துப்போய்க் கிடந்தது. வாயின் ஓரம் கீழே இழுபட்டிருந்தது. "ஷம்..." என்று தொடங்கியவர், மிச்சத்தைச் சொல்ல வராமல் மருமகளையே பார்த்தார். அந்தக் கண்களில் இருந்த பயத்தை ஷம்லா அதற்கு முன் ஒருநாளும் கண்டதில்லை.

"ஸப்வான்! ஓடி வாங்க! மாமிக்கி என்னமோ செய்யுது!"

அப்போது காலை ஆறு பத்து.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் முதல் தடவையாகக் கால் வைக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனமூலை ரபியாவுக்கு இரண்டு மகன்மார். மூத்தவர் றவூப், பக்கத்து வளவில் குடியிருக்கும் யூனானி வைத்தியர்; ஊர் அவரை ஹகீம் என்று கூப்பிடும். இளையவன் ஸப்வான், உப்பளத்தில் மேற்பார்வை வேலை. ஸப்வானின் மனைவிதான் ஷம்லா. தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் இருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பத்துப் பிள்ளை. அகதிப் பிள்ளையை ஏன் எடுக்கிறாய் என்று சொந்தக்காரர் முணுமுணுத்தபோது, "எனக்கு வேணும் இந்தப் புள்ள" என்று ஒற்றைக்காலில் நின்றவர் ரபியாதான்.

ஷம்லா இப்போது கொழும்புப் பல்கலைக்கழகக் குழு ஒன்றின் ஆய்வுக்குக் கள அலுவலர். புத்தளம் கரையோரத்தில் பிரஷர் உள்ள அறுபத்திரண்டு பேரின் கையில் ஐந்து மாதமாக ஒரு பட்டி இருக்கிறது. அது நாடித்துடிப்பையும் நடையையும் நித்திரையையும் எண்ணும். அவர்களின் போனில் உள்ள ஆப் தினமும் பின்னேரம் மூன்று கேள்வி கேட்கும். றவூப் கொடுத்த கசாயத்தைக் குடித்தீர்களா? உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்தீர்களா? மூச்சுப் பயிற்சி செய்தீர்களா? மூன்றுக்கும் ஓம் என்று தொட்டு அமர்த்தினால் திரையில் ஒரு பச்சை இலை விரியும். பழைய வைத்தியத்தை ஆரம்பிக்கிற சனம் ஏன் இரண்டு கிழமையில் கைவிடுகிறது, ஒரு சின்ன இலை அவர்களை விடாமல் பிடித்து வைக்குமா என்பதுதான் ஆய்வின் கேள்வி. ஆஸ்பத்திரிக் குளிசை, அதாவது பிரஷர் மாத்திரை, அவரவர் வழமைப்படி. அதில் ஒருவரும் கை வைப்பதில்லை என்பது முதல் நாளே எழுதி ஒப்பமிட்ட விதி.

அடுத்த கிழமை கொழும்பில் முடிவுகளை வாசிக்கும் கூட்டம். ஆஸ்பத்திரி டொக்டர்மார் நிறைந்த மண்டபத்தில் ஒரு யூனானி வைத்தியராக றவூப் எழுந்து பேசப் போகிறார். அதற்கென்று வெள்ளை ஷேட் ஒன்றுகூடத் தைக்கக் கொடுத்திருந்தார்.

இன்று காலை அதே றவூப், கட்டியிருந்த சாரத்தோடேயே தன் வேனின் கதவைத் திறந்து, உம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்.

"கதைக்க விட வேணாம். ஒண்டும் குடிக்கக் குடுக்க வேணாம்," என்றார். வேனைக் கிளப்பினார்.

மதுரங்குளியைத் தாண்டும்போது ரபியாவின் தலை ஷம்லாவின் மடியில் இருந்தது. ஸப்வான் முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். றவூப் ஹோனில் வைத்த கையை எடுக்காமலே ஓட்டினார்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் சிங்களத்தில் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?"

ஸப்வான் ஷம்லாவைப் பார்த்தான். ஷம்லா ஸப்வானைப் பார்த்தாள்.

"சுபஹுத் தொழுகைக்கு எழும்பினதக் கண்டேன். முதுகுப் பக்கம்தான் கண்டது. கதைக்கல்ல," என்றாள் ஷம்லா சிங்களத்தில்.

"சரியான நேரம் தெரிந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை என்றால் போடலாம். நேரம் தெரியாவிட்டால் என்னால் போட முடியாது."

ஷம்லாவுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. தன் போனைத் திறந்து ஏழாம் இலக்கத்தை அமர்த்தினாள். ஆய்வில் மாமியின் இலக்கம் அது. மாமி பட்டியைக் கட்டுவது வலது கையில்.

"இதப் பாருங்க டொக்டர். அஞ்சு எட்டுக்குத் தொழுதிருக்காங்க. அஞ்சே முக்காலில முற்றம் கூட்டியிருக்காங்க, முன்னூற்றி நாற்பது அடி நடந்திருக்கு. வலது கை கடைசியாக அசைந்தது ஆறு நாலுக்கு. அதுக்குப் பிறகு அசைவே இல்ல."

டொக்டர் போனை வாங்கி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லது," என்றார். "மிகவும் நல்லது. ஆனால் பிரஷர் இருநூற்றி இருபதில் நிற்கிறது. முதலில் அதை இறக்க வேண்டும். இவர் குளிசை ஒழுங்காக எடுக்கிறவரா?"

"ஒரு நாளும் விட மாட்டாங்க," என்றான் ஸப்வான்.

"எனக்கு அப்படித் தெரியவில்லை. கிளினிக் கொப்பியையும், வீட்டில் இருக்கிற குளிசைகளையும் கொண்டு வாருங்கள்."

ஸப்வான் ஓட்டோ பிடித்துக் கனமூலைக்குப் பறந்தான்.

ஸ்கேனில் கசிவு இல்லை. எட்டு மணிக்குப் பிரஷர் இறங்கியது. எட்டே காலுக்கு ஊசி போட்டார்கள். ஷம்லா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, தனக்குத் தெரிந்த துஆக்கள் எல்லாவற்றையும் முறை மாறி ஓதினாள். இடையில் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அந்தப் பட்டி இல்லாவிட்டால் ஊசி இல்லை. ஐந்து மாதமாக வெயிலில் அலைந்தது வீண் போகவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒன்பதரைக்கு ஸப்வான் திரும்பி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. முகம் கறுத்துப் போயிருந்தது.

நேரே றவூபிடம் போனான். வராந்தா வாங்கில் தலையைக் கைகளில் தாங்கியபடி இருந்தவரின் மடியில் பையைப் போட்டான்.

"இது என்ன?"

றவூப் பையைத் திறந்தார். கிளினிக்கில் கட்டிக் கொடுத்த கடதாசி உறைகள். ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். எண்ண எண்ண விரல்களின் வேகம் குறைந்தது.

"அலுமாரிக்குள்ள, உடுப்புக்குக் கீழ இருந்த. இருபத்திரண்டு நாளா ஒரு குளிசையும் போடல்ல," என்றான் ஸப்வான். "ஆரு நிப்பாட்டச் சொன்ன?"

"எனக்குத் தெரியாது தம்பி."

"உனக்குத் தெரியாதா?" மூத்தவரான நானாவை ஒருநாளும் நீ என்று அழைக்காத ஸப்வான் அன்று அழைத்தான். "உம்மா உன்ட பேச்சத் தவிர வேற ஆருட பேச்சக் கேட்டிருக்காங்க? கசாயம் நீ குடுத்த. கால ஊறவைக்கச் சொன்ன நீ. குளிசைய நிப்பாட்டச் சொன்னதும் நீதான்!"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் சொல்லல்ல."

"கூட்டத்தில பேசோணும் எண்டு உம்மாவ வெச்சுக் காட்சி காட்டப் பார்த்தியா?"

வராந்தாவில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு தாதி உள்ளே இருந்து வந்து விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

ஷம்லா இருவருக்கும் நடுவில் வந்தாள். புருஷனைச் சமாதானப்படுத்தத்தான் வந்தாள். ஆனால் றவூபைப் பார்த்து வாயில் வந்தது வேறு.

"மச்சான், உண்மையச் சொல்லுங்க. போன வெள்ளிக்கிழமை நீங்கதானே சொன்னீங்க, ஏழாம் நம்பர்ட கணக்குத்தான் எல்லாத்திலயும் நல்லம் எண்டு? குளிசையால வாற தலைச்சுத்து உம்மாக்கு இப்ப இல்ல எண்டு சந்தோசப்பட்டீங்க. ஏன் இல்ல எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

றவூப் எழுந்தார். தம்பியை விட்டுவிட்டு ஷம்லாவை மட்டும் பார்த்தார்.

"அப்ப நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்க."

அவர் படியிறங்கி வாகனங்கள் நிற்கும் பக்கம் போய்விட்டார்.

ஆய்வில் உள்ள ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அன்றைக்கே அறிக்கை அனுப்ப வேண்டும். ஷம்லா வராந்தா மூலையில் இருந்து படிவத்தைத் திறந்தாள். இலை எத்தனை நாள் வந்தது என்று ஓர் இடம் இருந்தது. மாமியின் கைப்பையில் இருந்து அவரது போனை எடுத்தாள். அதன் பூட்டை எப்படித் திறப்பது என்று மாமிக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

கடைசியாக விடுபட்ட நாளுக்குப் பிறகு, வரிசையாக இருபத்திரண்டு பச்சை இலை.

இருபத்திரண்டு. குளிசை நின்ற நாட்களும் அதே இருபத்திரண்டு.

அந்த எண் அவளை உறுத்தியது. அன்று என்ன நடந்தது? யார் வந்தார்கள்? வட்ஸ்அப்பைத் திறந்தாள். மேலேயே அவளுடைய பெயர் இருந்தது. 'ஷம்லா புள்ள' என்று மாமி பதிந்து வைத்திருந்தார்.

இருபத்திரண்டு நாளுக்கு முந்திய திகதியில் இரண்டு குரல் செய்திகள். இரண்டும் அவள் அனுப்பியவை. ஒன்று பின்னேரம் மூன்றே முக்காலுக்கு, பதினொரு விநாடி. மற்றது மாலை ஆறேகாலுக்கு, இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

அவளுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்.

பதினொரு விநாடிச் செய்தியை அமர்த்தி, போனைக் காதோடு வைத்தாள். பஸ்ஸின் இரைச்சல். அதற்கு மேலால் அவளுடைய குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லாருக்கும் ஒரு முக்கியமான விசயம். பச்சை இலை ஒழுங்கா வந்தா, பிரஷர் குளிசைய நிப்பாட்டலாம்..."

அவ்வளவுதான். அதோடு நின்றுவிட்டது.

மீண்டும் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியத்தின் மிச்சம் வரும் என்று காது காத்திருந்தது. 'எண்டு ஒருத்தரும் நினைக்க வேணாம்.' அதுதான் மிச்சம். அது வரவேயில்லை.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று எலுவன்குளத்தில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். இலை வந்தால் வருத்தம் சுகம்தானே என்று அங்கே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இதை உடனே எல்லோருக்கும் தெளிவுபடுத்த வேண்டும் என்று, திரையை விரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்தது. விரல் வழுகியது. பாதிப் பேச்சு அறுபத்திரண்டு பேருக்கும், மற்றக் கள அலுவலருக்கும் தனித்தனியாகப் போய்விட்டது.

உடனே அழித்தாள். அழித்ததாகத்தான் நினைத்தாள். எல்லோரிடமிருந்தும் அழிப்பதா, உன்னிடமிருந்து மட்டும் அழிப்பதா என்று போன் கேட்டபோது, குலுங்கும் பஸ்ஸில் எதை அமர்த்தினாள்? அவளுடைய போனில் இருந்து அது மறைந்தது. போதும் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நிறுத்தி நிதானமாக இரண்டு நிமிடம் நாற்பது விநாடி பேசி அனுப்பினாள்.

மாமியின் போனில் அந்த நீளமான செய்திக்குப் பக்கத்தில், இன்னும் கேட்கவில்லை என்று காட்டும் புள்ளி அப்படியே இருந்தது.

கேட்டதையே ஏன் திரும்பக் கேட்க வேண்டும் என்று விட்டிருப்பார். யாரும் அப்படித்தான் செய்வார்கள். மனிதர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று ஆராயத்தானே ஐந்து மாதம் அலைந்தாள்?

இரண்டு கிழமைக்கு முன் மாமி மாங்காய் சீவிக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது. "புள்ள, நீ சொன்ன மாதிரியே செய்றன். உடம்பு லேசா இருக்கு." கால் ஊறவைப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நல்லம் மாமி," என்றாள் ஷம்லா.

அவளுக்கு முதலில் தன் பெயர்தான் நினைவுக்கு வந்தது. வேலை போகும். ஊர் பேசும். ஸப்வான் முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்து, போனில் அந்தப் பதினொரு விநாடி மேல் விரலை வைத்தால் அழித்துவிடலாம் என்பது. விரல் அங்கே போய் நின்றும்விட்டது. திரை ஒரு தரம் கேட்டது, அழிக்கவா என்று.

மற்ற அறுபத்தொரு பேரின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. கடைசியாக வந்ததே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

போனை மூடிக்கொண்டு எழுந்தாள்.

றவூப் வேனுக்குள் ஓட்டுநர் சீட்டில் இருந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. அழுதிருந்தார் என்பது தெரிந்தது. அவளைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

"மச்சான், இதக் கேளுங்க."

"நான் கேட்டது காணும், போதும்."

"கேளுங்க மச்சான். என்ட குரல்."

பதினொரு விநாடி ஓடி முடிந்தது. பிறகு, "திரும்பப் போடுங்க," என்றார். போட்டாள்.

பஸ், பள்ளம், விரல், அழித்தது, அழியாமல் போனது எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"முதல் கூட்டம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? நான் ஒண்டு கேட்டன். குளிசை போட்டீங்களா எண்டும் அந்த ஆப் கேக்கட்டும், அதுக்குப் பிறகு இலை வரட்டும் எண்டு கேட்டன். நீங்க என்ன சொன்னீங்க?"

ஞாபகம் இருந்தது. "நாலு கேள்வி கூடிப் போகும் மச்சான். சனம் அலுத்திடும்."

"ஓம். சனம் அலுத்திடும் எண்டீங்க. நான் பேசாம இருந்தன். டொக்டர்மாருக்கு முன்னால கூடக் கதைச்சா என்ன வெளியில போட்டுடுவாங்க எண்டு பயந்து பேசாம இருந்தன். அது என்ட பிழை." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா காலையில இருந்து என்னக் கொலகாரன் மாதிரிப் பார்த்தீங்களே, அத நான் இப்ப மன்னிக்க ஏலா. பொய் சொல்ல எனக்கு வராது. பிறகு பாப்பம்."

"சரி மச்சான்."

"இது எத்தன பேருக்குப் போன?"

"எல்லாருக்கும்."

அவர் அதுவரை அவளைப் பார்த்திருந்த பார்வை மாறியது. பக்கத்துச் சீட்டில் கிடந்த தன் கொப்பியை எடுத்தார். ஆய்வில் உள்ளவர்களின் வீட்டு விலாசமும், அயலவர்களின் போன் இலக்கமும் அதில் இருந்தன.

"ஏன் நிக்கிறீங்க? ஏறுங்க. எடுங்க போன."

"முதல்ல ஸப்வானுக்குச் சொல்லோணும்."

"ஓடுங்க."

ஸப்வான் கண்ணாடிக் கதவருகே நின்றான். உம்மாவின் வலது கைச் சுண்டுவிரல் அசைந்ததை இப்போதுதான் தாதி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஸப்வான் காலையில் இருந்து முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தான்.

அந்த நேரத்தில் அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் நான்கு வாக்கியத்தில் சொல்லி, போனை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் கேட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, உம்மாவிடம் உள்ளே போனான். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஷம்லா நிற்கவில்லை.

றோசமேரியை முதலில் அழைத்தாள். கற்பிட்டிப் பக்கத்துக்கு ஆய்வுக் களப்பணி பார்ப்பவள் அவள்தான்.

"மாதாவே!" என்றாள் றோசமேரி விசயத்தைக் கேட்டு. "எனக்கும் ரெண்டு வந்தது ஷம்லா. நான் நீளமானதத்தான் கேட்டன். சின்னது தவறி வந்திருக்கும் எண்டு தொடவே இல்ல. கடவுளே, எங்கட ஆக்கள்..."

"உங்கட பக்கம் இருபத்தி நாலு பேர். ஒவ்வொருத்தருக்கும் எடுங்க. குளிசை போடுறீங்களா எண்டு மட்டும் கேக்க வேணாம், ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. உறையக் கொண்டுவந்து எத்தன மிச்சம் எண்டு எண்ணச் சொல்லுங்க. நிப்பாட்டின ஆக்கள் இப்பவே கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷரப் பார்க்கோணும். தாங்களா ரெண்டு நாள் குளிசைய ஒண்டாப் போட்டுடக் கூடாது. அதையும் சொல்லுங்க."

அடுத்தது கொழும்பு. ஆய்வின் தலைவியான பேராசிரியர் முழுவதையும் கேட்டார்.

"ஷம்லா, நீங்கள் இப்போது சொன்னது பதிவாகும். விளங்குகிறதா? ஆய்வை இன்றைக்கே நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மேல் விசாரணை வரும். கொஞ்சம் ஆறுதலாக யோசித்து, நாளைக்கு எழுதி அனுப்பினாலும் பரவாயில்லை."

"யோசிச்சுட்டன் மெடம். இன்னும் பத்து நிமிசத்தில எழுத்தில வரும். அந்தக் குரலையும் சேர்த்து அனுப்புறன்."

அனுப்பினாள். அனுப்பிவிட்டு வேனின் பின் சீட்டில் ஏறி, றவூபின் கொப்பியை மடியில் விரித்தாள்.

பதினொரு மணியில் இருந்து மூன்று மணி வரை இருவரும் அந்த வேனுக்குள் இருந்தார்கள். ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. போனில் மட்டும் கதைத்தார்கள். நுரைச்சோலையில் ஒரு பெண் குளிசையை மகளின் கலியாண அலுவலில் எங்கோ வைத்து மறந்திருந்தார். மதுரங்குளிக் கடைக்காரர் ஒருவர், "நீங்கதானே சொன்னீங்க மிஸ்," என்று சிரித்தார். ஷம்லாவுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் குத்தியது. "நான் சொன்னது பிழையா வந்துட்டு. என்ட பிழை. தயவுசெஞ்சு இப்பவே போங்க," என்று ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

றவூப் தன் பக்கத்துச் சனத்திடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. "ஒரு செய்தி பாதியில வந்துட்டு. நம்ப வேணாம். கசாயம் கசாயம்தான், குளிசை குளிசைதான். நான் ஹகீம் சொல்றன், குளிசையப் போடுங்க," என்றார். அவள் அதைக் கேட்டாள். கேட்காத மாதிரி அடுத்த இலக்கத்தை அழுத்தினாள்.

மூன்று மணிக்குக் கணக்குத் தெரிந்தது. மாமியைத் தவிர்த்துப் பதின்மூன்று பேர் நிறுத்தியிருந்தார்கள். கற்பிட்டியில் ஒருவருக்கு நேற்றிலிருந்து தலையிடி. றோசமேரி தானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். மற்றவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

ஒரேயொருவர் மட்டும் கிடைக்கவில்லை. நாற்பத்தொன்றாம் இலக்கம், எலுவன்குளம் பதியுதீன். ஐம்பத்தாறு வயது. வில்பத்துக் காட்டோரம் வயல் செய்கிறவர். இலை வந்தால் வருத்தம் சுகம்தானே என்று அன்று கேட்ட இருவரில் ஒருவர்.

போன் நிறுத்தப்பட்டிருந்தது. கொப்பியில் இருந்த அயலவரின் இலக்கமும் எடுபடவில்லை. அவரது பட்டியில் இருந்து கடைசியாக வந்த செய்தி காலை பதினொன்று இருபதுக்கு. நாடித்துடிப்பு நூற்றி இருபத்தெட்டு. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

"போன்ல சார்ஜ் இறங்கியிருக்கும்," என்றாள் ஷம்லா. தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது.

றவூப் வேனை ஸ்டார்ட் செய்தார்.

எலுவன்குளத்தை அடையும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. வீட்டில் பதியுதீனின் மனைவி மட்டும் இருந்தார். காலையில் வயலுக்குப் போனவர் பகல் சோற்றுக்கு வரவில்லை என்றார். மழைக்கு வரம்பு உடைந்திருக்கிறது, கட்டி முடிக்காமல் வர மாட்டார் என்று நினைத்தாராம். குளிசையைப் பற்றிக் கேட்டதும், "அது தேவையில்லத்தானே இப்ப? போன்ல வந்தத எனக்கும் போட்டுக் காட்டினவர்," என்றார். பிறகு இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

வழியில் மாடு ஓட்டிவந்த ஒருவர் சிங்களத்தில் எச்சரித்தார். குளத்துக்கு யானை இறங்குகிற நேரம், நிற்க வேண்டாம் என்றார். றவூப் தலையை ஆட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

குளத்து அணைக்கட்டில் ஏறினார்கள். வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் வயல். வயலுக்கு அப்பால் காடு கறுத்துக்கொண்டு வந்தது. ஷம்லா தன் போனைக் கையில் பிடித்திருந்தாள். ஆய்வுப் பட்டி எதுவும் முப்பது அடி தூரத்துக்குள் வந்தால் அது காட்டும்.

"பதியுதீன் காக்கா!" றவூப் கூப்பிட்டார். குரல் தண்ணீரின் மேலே போய்த் திரும்பி வந்தது.

"என்னங்கோ!" என்று மனைவி கத்தினார். "எங்க நிக்கிறீங்க?"

தவளைச் சத்தம் மட்டும்தான்.

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். வயலின் மூலையில் காவல் குடில் ஒன்று தெரிந்தது. அதற்குள் விளக்கு இல்லை. அப்போது ஷம்லாவின் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது.

நாற்பத்தொன்று, அருகில்.

மூன்று பேரும் நின்றார்கள். நாடித்துடிப்பு வரவேண்டிய இடத்தில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. எண் வரவில்லை. பட்டியைக் கழற்றி எங்காவது வைத்திருந்தாலும் அப்படித்தான் சுற்றும்.

"என்ன காட்டுது?" என்றார் றவூப். வேனில் ஏறியதற்குப் பிறகு அவர் அவளிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"இங்கதான் எண்டு காட்டுது மச்சான். வேற ஒண்டும் காட்டல்ல."

றவூப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். ஷம்லா திரையை இன்னுமொரு கணம் பார்த்தாள். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்து, பதியுதீனின் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, சேற்றுக்குள் இறங்கினாள்.